கொடுமுடி தந்த குரல்: கே.பி.சுந்தராம்பாள்



இந்த முறை சுவர் இதழில் மறைந்த பெரியவர் ஒருவரின் வாழ்க்கை வரலாறு எழுதும் பொறுப்பு ஒன்பதாம் வகுப்புக்கு வந்தது. ஆளாளுக்கு விஞ்ஞானி, தலைவர், கவிஞர் என்று பிரித்துக் கொண்டார்கள். நான் ஒரு நடிகையைப் பற்றி எழுதுகிறேன் என்றதும் பின் பெஞ்சில் எல்லாரும் சிரித்தார்கள். நடிகை என்றால் நம்ம ஊரில் சிரிப்புதான் வரும். ஆனால் நான் எழுதப் போகும் நடிகை டிவியில் வந்தால் எங்க ஆயா காலை நீட்டி உட்கார மாட்டார். காலை மடக்கிக் கொண்டு, கன்னத்தில் போட்டுக் கொள்வார். அப்படிப்பட்டவர் கே.பி.சுந்தராம்பாள் அம்மா.

திருவிளையாடல் படம் பார்த்திருப்பீர்கள். மாம்பழத்துக்காகக் கோபித்துக் கொண்டு மலைக்குப் போன முருகனைச் சமாதானம் செய்ய ஒரு பாட்டி வருவாரே, வெள்ளைச் சேலை, நெற்றி நிறைய விபூதி, கையில் கோல்? அந்த ஔவையார்தான் இவர். அந்தக் குரலைக் கேட்டால் மைக்கே தேவையில்லை என்று தோன்றும். அது உண்மையும்கூட. அவர் பாட ஆரம்பித்த காலத்தில் மைக்கே கிடையாது.

பிறப்பும் பசியும்

இவர் 1908-ம் ஆண்டு அக்டோபர் மாதம் காவிரிக் கரையில் உள்ள கொடுமுடியில் பிறந்தார். இப்போது அது ஈரோடு மாவட்டம். அம்மா பெயர் பாலாம்பாள். கே.பி. என்பதில் கே என்றால் கொடுமுடி, பி என்றால் பாலாம்பாள். நம்ம எல்லாருக்கும் இனிஷியல் அப்பா பேரில் இருக்கும். இவருக்கு ஊர் பேரும் அம்மா பேரும். இதைப் படித்ததும் எனக்கு இவரைப் பிடித்துப் போயிற்று.

குடும்பத்தில் ரொம்பக் கஷ்டம். அம்மாவோடு ரயிலில் போகும்போது சின்னப் பிள்ளையான சுந்தராம்பாள் பாடுவார். கேட்டவர்கள் காசு கொடுப்பார்கள். நம்ம ஊர் வழியாக ஜோலார்பேட்டைக்குப் போகிற ரயிலில் இப்பவும் பாடிக் கொண்டு வருபவர்களைப் பார்க்கிறோம். நாம் ஜன்னல் பக்கம் திரும்பிக் கொள்கிறோம். அந்தக் காலத்தில் யாரோ திரும்பிக் கொள்ளாமல் காது கொடுத்துக் கேட்டார்கள். அதனால் அந்தக் குழந்தைக்கு நாடகக் கம்பெனியில் இடம் கிடைத்தது.

அவர் போட்ட முதல் வேஷம் நல்லதங்காள் நாடகத்தில். நல்லதங்காள் கதை உங்களுக்குத் தெரியும். பஞ்சத்தில் ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்கு வந்து, மூளி அலங்காரியிடம் அவமானப்பட்டவள். அவளுடைய மூத்த மகனாகச் சுந்தராம்பாள் நடித்தார். பசியால் அழும் பிள்ளை வேஷம். பசி என்றால் என்ன என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டிய அவசியம் இருந்திருக்காது. இன்னொன்றையும் கவனியுங்கள். பெண் குழந்தை போட்ட முதல் வேஷமே ஆண் வேஷம்.

மைக் இல்லாத மேடை

அப்போது நாடகம் எப்படி இருந்தது என்று சொன்னால்தான் இவர் பெருமை புரியும். சங்கரதாஸ் சுவாமிகள் (1867 - 1922) என்ற பெரியவர்தான் வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் போன்ற நாடகங்களை எழுதியவர். சிறு பையன்களையே வைத்து நடத்தும் பாய்ஸ் கம்பெனிகள் ஊர் ஊராகப் போய்க் கொட்டகை போடும். ராஜா வேஷமும் பையன்தான், ராணி வேஷமும் பையன்தான். நம்ம பக்கத்துக் கூத்து மாதிரியே. பாரதக் கூத்தில் திரௌபதி யார்? மீசையை எடுத்துவிட்டு, முகத்தில் அரிதாரம் பூசிய நம்ம ஊர் அண்ணன்தான். பெண்கள் திரைக்கு இந்தப் பக்கம் பாய் போட்டு உட்கார்ந்து விடிய விடியப் பார்ப்பார்கள். மேடை ஏற மாட்டார்கள்.

சில பெண்கள் மட்டும் நாடக மேடையில் ஏறினார்கள். அப்படி ஏறியவர்களை ஊர் ரசித்தது, ஆனால் மதிக்கவில்லை. ராத்திரி கைதட்டியவர்களே காலையில் வேறு மாதிரி பேசினார்கள். அந்த மேடையில்தான் சுந்தராம்பாள் வளர்ந்தார்.

மேடையில் பாடினால் கடைசி வரிசையில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருப்பவருக்கும் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் விசில் அடித்து இறக்கிவிடுவார்கள். அதனால் உச்ச ஸ்தாயியில் பாடப் பழகினார்கள். வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பிக்கவே நமக்குத் தொண்டை கட்டிக் கொள்கிறது. அவர்கள் இரவு முழுவதும் பாடி, பேசி, நடித்து, மறுநாள் அடுத்த ஊருக்குப் போய் மறுபடியும் பாடினார்கள்.

கிட்டப்பா

அதே காலத்தில் இன்னொரு பெரிய குரல் இருந்தது. செங்கோட்டை எஸ்.ஜி.கிட்டப்பா. 1906-ல் பிறந்தவர். சின்ன வயதிலேயே நாடகத்துக்கு வந்து பேர் வாங்கியவர். தமிழ் நாடகக் கம்பெனிகள் அப்போது இலங்கைக்கும் போகும். 1926-ல் கொழும்பில் வள்ளி திருமணம் நாடகத்தில் சுந்தராம்பாளும் கிட்டப்பாவும் சேர்ந்து நடித்தார்கள். இவர் பாட, அவர் பதிலுக்குப் பாட, யார் ஜெயிப்பார்கள் என்று கூட்டம் காத்துக் கிடந்ததாம்.

1927-ல் மாயவரத்தில் இருவரும் திருமணம் செய்து கொண்டார்கள். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே திருமணம் ஆகியிருந்தது. அதனால் இவர்கள் வாழ்க்கை நாடகத்தில் பாடிய டூயட் மாதிரி இனிமையாகப் போகவில்லை. பிறந்த குழந்தையும் இறந்துவிட்டது. மனஸ்தாபம், பிரிவு எல்லாம் வந்தது. கிட்டப்பாவுக்கு உடம்பு கெட்டது. 1933 டிசம்பர் 2-ம் தேதி அவர் இறந்தார். வயசு 27. சுந்தராம்பாளுக்கு 25.

இருபத்தைந்து வயசில்

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிறுத்தி எங்க வீட்டு விஷயம் ஒன்று சொல்கிறேன்.

எங்க சித்திக்கும் சித்தப்பா தவறியபோது வயசு 26. இப்போது ஆம்பூரில் ஷூ கம்பெனியில் மெஷினில் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகம் தைக்கிறார். விடிந்ததும் வேன் வந்துவிடும். சாயங்காலம் வரும்போது சேலையில் தோல் வாசனையும் பசை வாசனையும் இருக்கும். தம்பி, தங்கை படிப்பு, வீட்டு வாடகை எல்லாம் சித்தி சம்பளம்தான். ஆனால் சொந்தத்தில் கல்யாணம் என்றால் சித்தி பின்னாடிதான் உட்காருவார். தாலி கட்டும் நேரத்தில் சமையல் பக்கம் போய்விடுவார். யாரும் போகச் சொல்வதில்லை. அவரே எழுந்து போவார். ஒருவேளை யாரும் சொல்லாமலே போகும்படி பழக்கி வைத்திருக்கிறோமோ என்னவோ.

இது இந்தக் காலம். 1933-ல் எப்படி இருந்திருக்கும்? அதுவும் நாடகக்காரி. சுந்தராம்பாள் அன்று முதல் வெள்ளைச் சேலைதான் கட்டினார். நகை போட்டுக் கொள்ளவில்லை. மேடைக்கே வராமல் ஒதுங்கி இருந்தார். அதோடு அவர் கதை முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்திருப்பார்கள்.

ஆனால் அவர் திரும்பி வந்தார். ஒரு நிபந்தனையோடு வந்தார். இனி எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிக்க மாட்டேன் என்பதுதான் அது. யோசித்துப் பாருங்கள். நாடகமோ சினிமாவோ, கதாநாயகி என்றால் ஜோடி இருந்தே ஆக வேண்டும். ஜோடி இல்லாமல் 25 வயசுப் பெண்ணுக்கு என்ன வேஷம் கொடுப்பார்கள்? அதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. வேஷத்தை அவரே தேர்ந்தெடுத்தார்.

இதில் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. வெள்ளைச் சேலை கட்டியது ஊர் போட்ட கட்டுப்பாடுதானே, அதில் என்ன பெருமை என்று தோன்றியது. தமிழ் அம்மாவிடம் கேட்டேன். கட்டுப்பாட்டுக்கு உள்ளே இருந்துகொண்டே அவர் எவ்வளவு தூரம் போனார் என்று பார் என்றார். அதனால் மீதியையும் படித்தேன்.

ஒரு லட்சம் ரூபாய்

தமிழில் முதல் பேசும் படம் காளிதாஸ் 1931-ல்தான் வந்தது. நாடகத்தில் இருந்தவர்களை எல்லாம் சினிமாக்காரர்கள் தேடித் தேடிக் கூப்பிட்டார்கள். சுந்தராம்பாளிடமும் வந்தார்கள். அவருக்கு விருப்பம் இல்லை. விட்டால் போதும் என்று நினைத்து ஒரு லட்சம் ரூபாய் கேட்டாராம். அவர்கள் ஓடிப் போகவில்லை, சரி என்று சொல்லிவிட்டார்கள்! 1935-ல் ஒரு லட்சம் ரூபாய். ஆண் நடிகர்களே அவ்வளவு வாங்காத காலம்.

படம் நந்தனார். கோயிலுக்குள் போக முடியாமல் சிதம்பரத்தை நினைத்து நினைத்து ஏங்கிய உழவுத் தொழிலாளியின் கதை. அந்த நந்தனாராகவே சுந்தராம்பாள் நடித்தார். ஆண் வேஷம். நிபந்தனை உடையவில்லை பாருங்கள்! அவரை வேலை வாங்கும் வேதியராகப் பெரிய சங்கீத வித்வான் மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர் நடித்தார்.

இவ்வளவு செலவு செய்தும் படம் ஓடவில்லை. எழுத்தாளர் கல்கி கிண்டலாக விமர்சனம் எழுதினார். வாழ்க்கை வரலாறு எழுதும்போது வெற்றியை மட்டும் எழுதக் கூடாது, அதனால் இதையும் எழுதிவிட்டேன். அதன் பிறகு 1940-ல் மணிமேகலை படத்தில் நடித்தார். மணிமேகலை யார்? காதலை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அட்சய பாத்திரத்தை எடுத்துக் கொண்டு பசித்தவர்களுக்குச் சோறு போட்டவள். இதுவும் ஜோடி இல்லாத வேஷம்தான்.

நாட்டுக்காகப் பாட்டு

தீரர் சத்தியமூர்த்தி கேட்டுக் கொண்டதால் இவர் காங்கிரஸ் மேடைகளில் பாடினார். சுதந்திரப் போராட்டக் காலம் அது. பேச்சைக் கேட்க வராதவர்கள்கூட இவர் பாட்டைக் கேட்க வந்தார்கள். கதர்தான் உடுத்தினார். காந்தியடிகள் இவர் வீட்டுக்கு வந்தபோது தங்கத் தட்டில் உணவு வைத்தாராம். சாப்பாடு மட்டும்தானா, தட்டு கிடையாதா என்று காந்தி வேடிக்கையாகக் கேட்க, தட்டையும் நாட்டுக்கே கொடுத்துவிட்டார் என்று சொல்வார்கள்.

1951-ல் இவரைச் சென்னை மாகாணத்தின் மேலவை உறுப்பினர் ஆக்கினார்கள். இந்தியாவில் சினிமாவில் இருந்து சட்டமன்றத்துக்குப் போன முதல் ஆள் இவர்தான். பிறகு எத்தனையோ நடிகர்கள் போனார்கள், முதலமைச்சர்களாகவே ஆனார்கள். அந்தப் பாதையில் முதல் அடி வைத்தது ரயிலில் பாடிய ஒரு பெண் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. எனக்கும் இதை எழுதும் வரை தெரியாது.

இரண்டு ஔவையார்

இப்போது ஒரு வேடிக்கை சொல்கிறேன். டி.கே.சண்முகம் (1912 - 1973) என்று ஒரு நாடக நடிகர் இருந்தார். டி.கே.எஸ். சகோதரர்கள் நாடக சபையை நடத்தியவர்களில் ஒருவர். 1942-ல் அவர் மேடையில் ஔவையாராக நடித்தார். ஆண் பாட்டி வேஷம் போட்டார். எவ்வளவு நன்றாகப் போட்டார் என்றால், அன்று முதல் அவர் பேரே ஔவை சண்முகம் ஆகிவிட்டது. சென்னையில் ஔவை சண்முகம் சாலை என்று ஒரு சாலையே இருக்கிறது. கமல்ஹாசனின் ஔவை சண்முகி படத்தின் பெயரும் அவரை நினைத்து வைத்ததுதான்.

மேடையில் ஒரு ஆண் ஔவையாராக நடித்துப் புகழ் பெற்ற பிறகு, 1953-ல் ஜெமினி ஸ்டுடியோ எஸ்.எஸ்.வாசன் பிரம்மாண்டமாக ஔவையார் படம் எடுத்தார். அதில் சுந்தராம்பாள்தான் ஔவையார். அப்போது அவர் வயசு 45கூட ஆகவில்லை, ஆனால் பாட்டியாகவே ஆகிவிட்டார். படம் பெரிய வெற்றி.

ஔவையார் கதையில் ஒரு இடம் வரும். வீட்டில் கல்யாணம் பேசும்போது, கல்யாணம் வேண்டாம், எனக்குத் தமிழ் போதும் என்று பிள்ளையாரிடம் வேண்டிக் கொண்டு இளமையையே கொடுத்து முதுமையை வாங்கிக் கொள்வார். ஏனென்றால் கிழவியானால்தான் தனியாக ஊர் ஊராகப் போகலாம், ராஜாக்களுக்கே புத்தி சொல்லலாம். இளம் பெண்ணை யாரும் விட மாட்டார்கள். சுந்தராம்பாளும் கிட்டத்தட்ட அப்படித்தான் செய்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. 25 வயசிலேயே வெள்ளைச் சேலை, விபூதி. எந்த உடையைப் போட்டு ஒரு பெண்ணை மூலையில் உட்கார வைப்பார்களோ, அந்த உடையிலேயே அவர் மேடையின் நடுவில் வந்து நின்றார். ஒன்றாம் வகுப்பில் ஆத்திசூடி படித்தபோது நம் மனசில் வந்த ஔவையார் முகம் யார் முகம்? இவர் முகம்தானே!

கூடவே இருந்தவர்கள்

அந்தத் தலைமுறை நடிகர்களைப் பற்றிக் கட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறேன். பாருங்கள்.

எஸ்.ஜி.கிட்டப்பா (1906 - 1933): பேசும் படம் வளர்வதற்கு முன்பே மறைந்தார்.

என்.எஸ்.கிருஷ்ணன் (1908 - 1957): நாகர்கோவில்காரர். சுந்தராம்பாள் பிறந்த அதே ஆண்டில் பிறந்தவர். சிரிக்க வைத்துச் சிந்திக்க வைத்த கலைவாணர்.

எம்.கே.தியாகராஜ பாகவதர் (1910 - 1959): இவருடைய ஹரிதாஸ் படம் 1944-ல் வெளியாகி சென்னையில் மூன்று தீபாவளி பார்த்தது. இவரும் கலைவாணரும் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் சிறை சென்று, 1947-ல் குற்றமற்றவர்கள் என்று விடுதலை ஆனார்கள். அதன் பிறகு பாகவதருக்குப் பழைய வாழ்வு திரும்பவில்லை.

டி.பி.ராஜலட்சுமி (1911 - 1964): காளிதாஸ் கதாநாயகி. 1936-ல் மிஸ் கமலா படத்தை இயக்கி, தமிழின் முதல் பெண் இயக்குநர் ஆனார்.

பி.யு.சின்னப்பா (1916 - 1951): பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்தவர். 35 வயதிலேயே மறைந்தார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இவர்களில் யாருமே அறுபதைத் தாண்டவில்லை. கைதட்டல் அதிகம், நிம்மதி குறைவு. இரவில் ராஜா, பகலில் கடன் என்ற வாழ்க்கை. சுந்தராம்பாள் ஒருவர்தான் எழுபதைத் தாண்டிப் பாடிக் கொண்டே இருந்தார்.

அறுபதிலும் குறையாத குரல்

1964-ல் பூம்புகார் படத்தில் கவுந்தியடிகளாக வந்தார். 1965-ல் திருவிளையாடல், 1967-ல் கந்தன் கருணை. இரண்டிலும் ஔவையார். 1966-ல் தமிழ் இசைச் சங்கம் இசைப் பேரறிஞர் பட்டம் கொடுத்தது. 1969-ல் வந்த துணைவன் படத்தில் பாடியதற்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது கிடைத்தது. அப்போது அவருக்கு அறுபது வயசு தாண்டிவிட்டது. 1970-ல் பத்மஸ்ரீ. சொந்த ஊரான கொடுமுடியில் ஒரு சினிமா தியேட்டரும் கட்டினார்.

1980-ல் அவர் மறைந்தார். கிட்டப்பா இறந்து 47 வருடம் ஆகியிருந்தது. அத்தனை வருடமும் அந்த நிபந்தனையை அவர் மீறவே இல்லை.

கடைசியாக நம்ம பள்ளிக்கு

இந்தக் கட்டுரையை எழுதி முடித்ததும் எங்க சித்திக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, அந்த அம்மாவுக்கு ஒரு லட்சத்தை முழுசாகக் கொடுத்தார்களா, பிடித்தம் செய்தார்களா என்று மட்டும் கேட்டார். கம்பெனியில் வேலை செய்பவர் அல்லவா, அந்த நினைப்புதான் வரும்!

நண்பர்களே, ஆண்டு விழா வருகிறது. போன வருடம் நாடகத்தில் அம்மா, பாட்டி, ராணி மூன்று வேஷத்தையும் பையன்கள்தான் போட்டார்கள். நன்றாகத்தான் செய்தார்கள், குறை சொல்லவில்லை. ஔவை சண்முகமே அப்படி வந்தவர்தானே. ஆனால் எங்களில் நான்கு பேருக்கு வசனம் எல்லாம் மனப்பாடமாகத் தெரியும். ஒத்திகை சாயங்காலம் வைத்தால் வீட்டில் விட மாட்டேன் என்கிறார்கள். மேடை ஏறினால் ஊரில் என்ன பேசுவார்களோ என்று பயம்.

அதனால் ஆசிரியர்களிடம் பணிவோடு கேட்டுக் கொள்கிறேன். இந்த வருடம் ஒத்திகையை மதிய உணவு இடைவேளையில் வைக்க வேண்டும். பெற்றோர்களிடமும் ஒரு வார்த்தை பேச வேண்டும். ஔவையும் அதியமானும் நாடகம் போடலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். ஔவையார் வேஷம் எனக்கு வேண்டாம், என் குரல் எடுபடாது. எட்டாம் வகுப்பில் ஒரு தங்கச்சி இருக்கிறாள். அவள் காலை வழிபாட்டில் தமிழ்த்தாய் வாழ்த்து பாடினால் கேட்டுக்கு வெளியே ஐஸ் விற்கிறவர்கூட மணி அடிப்பதை நிறுத்திவிடுவார். அவளுக்கு மைக் தேவையில்லை, வீட்டில் அனுமதி கிடைத்தால் போதும். அதியமான் வேஷத்துக்கு நான் தயார். மீசை வாங்கித் தருவதாகச் சித்தி சொல்லியிருக்கிறார்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி